நான்கு ஆண்டா, இரண்டு ஆண்டா: கெடு வைத்துத் திறக்கும் மென்பொருள் உரிமங்கள்

சர்வர்களையும் கிளவுட் வசதிகளையும் நிரல் எழுதி அமைக்க உதவும், ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெராஃபார்ம் 1.6 வெளியானது 2023 அக்டோபரில். அதன் மூலநிரல் எம்.பி.எல். என்ற திறமூல (ஓப்பன் சோர்ஸ்) உரிமத்துக்கு மாறப்போவது 2027 அக்டோபரில். அதுவரை நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், சொந்த நிறுவனத்துக்குள் ஓட்டலாம். ஹாஷிகார்ப் விற்கும் சேவைக்குப் போட்டியாக மட்டும் விற்கக்கூடாது. இப்படிக் கெடு வைத்துத் திறக்கும் உரிமங்களில் இன்று அதிகம் அடிபடுபவை இரண்டு: பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் எனும் பி.எஸ்.எல்., ஃபங்ஷனல் சோர்ஸ் லைசென்ஸ் எனும் எஃப்.எஸ்.எல். முதலாவதில் கெடு அதிகபட்சம் நான்கு ஆண்டு, இரண்டாவதில் இரண்டே ஆண்டு. பலரும் இந்த எண்ணைப் பார்த்தே ஒப்பிடுகிறார்கள். எண் முக்கியம்தான், ஆனால் அது எப்போது முக்கியமாகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

யோசனை புதிதல்ல. பி.டி.எஃப். கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் பல ஆண்டுகள் இப்படித்தான் வந்தது: புது வெர்ஷன் வணிக விநியோகத்தைத் தடுக்கும் அலாதீன் உரிமத்தில், பழையது பின்னால் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில். அதைப் பொதுவான வார்ப்பாக ஆக்கியது டேட்டாபேஸ் நிறுவனமான மரியாடிபி. 2016-இல் அதன் மேக்ஸ்ஸ்கேல் (டேட்டாபேஸ் சர்வர்களுக்கு வேலையைப் பங்கிடும் கருவி) 2.0 பி.எஸ்.எல்.லில் வந்தது. அடுத்த ஆண்டே, ஓப்பன் சோர்ஸ் வரையறையை எழுதிய ப்ரூஸ் பெரன்ஸின் ஆலோசனையோடு 1.1 பதிப்பு வந்தது; இன்று எல்லோரும் எடுத்தாள்வது அதைத்தான்.

பி.எஸ்.எல். கோப்பைத் திறந்தால் தலைப்பகுதியில் நிரப்ப வேண்டிய இடங்கள் இருக்கும்: உரிமம் தருபவர் யார், எந்த மென்பொருள், கூடுதலாக எதற்கு அனுமதி, மாறும் தேதி எது, மாறிய பின் எந்த உரிமம். கீழே உள்ள நீண்ட வாசகம் எல்லோருக்கும் ஒன்றே. அது இயல்பாகத் தருவது புரொடக்‌ஷன் அல்லாத (நிஜப் பயனர்களுக்காக ஓட்டாத) பயன்பாட்டை மட்டும். புரொடக்‌ஷனில் ஓட்டலாமா கூடாதா என்பது 'கூடுதல் அனுமதி' என்ற அந்த ஒரு பத்தியில்தான் இருக்கிறது. மேக்ஸ்ஸ்கேல் அங்கே மூன்றுக்கும் குறைவான சர்வர்கள் என்று எழுதியது. ஹாஷிகார்ப் போட்டிச் சேவை தவிர மற்றதெல்லாம் சரி என்று எழுதியது. ஆகவே 'இது பி.எஸ்.எல். மென்பொருள்' என்று யாராவது சொன்னால், நமக்குப் பயன்படும் தகவல் எதுவும் கிடைத்துவிடவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் பி.எஸ்.எல்.லும் நடைமுறையில் தனி உரிமம். பத்துக் கருவிகள் இருந்தால் பத்துப் பத்திகளையும் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

எஃப்.எஸ்.எல். பிறந்ததே இந்தக் குறையிலிருந்து. மென்பொருள் பிழைகளைக் கண்காணிக்கும் கருவியைத் தரும் சென்ட்ரி நிறுவனம் 2019-இல் பி.எஸ்.எல்.லுக்குப் போய், 2023 நவம்பரில் அதை விட்டுவிட்டுத் தானே எஃப்.எஸ்.எல்.லை எழுதியது. இதில் இட்டு நிரப்பும் விளையாட்டு இல்லை. தடை ஒன்றுதான்: அந்த மென்பொருளுக்கு மாற்றாகவோ, ஏறக்குறைய அதே வேலையைச் செய்வதாகவோ வணிகப் பொருளை விற்கக்கூடாது. இரண்டு ஆண்டு கழித்து அப்பாச்சி 2.0 அல்லது எம்.ஐ.டி. என்ற திறமூல உரிமம்; இந்த இரண்டில் எது என்பது உரிமத்தின் பெயரிலேயே இருக்கும். வருங்கால உரிமத்தைத் திரும்பப் பெற முடியாதபடி இப்போதே வழங்குகிறோம் என்று வாசகம் தெளிவாகச் சொல்கிறது.

நம்மூர் சேவை நிறுவனங்களுக்கு எஃப்.எஸ்.எல்.லில் இன்னொரு வரி முக்கியம். உரிமப்படி பயன்படுத்தும் வாடிக்கையாளருக்காக நிறுவித் தருவது, பராமரிப்பது போன்ற தொழில்முறைச் சேவைகளை அது பெயர் சொல்லி அனுமதிக்கிறது. சென்னையிலும் கோவையிலும் எத்தனையோ பேருக்குப் பிழைப்பே இந்த வேலைதான். பி.எஸ்.எல்.லின் பொது வாசகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. நிறுவனம் கூடுதல் அனுமதியில் எழுதினால் உண்டு. எழுதாவிட்டால் வக்கீலைக் கேட்க வேண்டும். மீறினால் அந்த மென்பொருளின் எல்லா வெர்ஷன்கள் மீதும் உள்ள உரிமை தானாகவே போய்விடும் என்று பி.எஸ்.எல். சொல்வதால், இதை 'பார்த்துக்கொள்ளலாம்' என்று விட முடியாது.

இனி கெடுவுக்கு வருவோம். இரண்டிலும் கடிகாரம் வெர்ஷனுக்கு வெர்ஷன் தனியாக ஓடுகிறது. திறந்திருப்பது எப்போதும் இரண்டு அல்லது நான்கு ஆண்டுப் பழைய நிரல். நேற்று கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைக்கான பேட்ச் நேற்றைய வெர்ஷனில் இருக்கும்; அதன் கெடு நேற்றுதான் தொடங்கியிருக்கும். ஆகவே 'நான்கு ஆண்டு பொறுத்தால் ஓப்பன் சோர்ஸாகக் கிடைத்துவிடும்' என்று நம்பிப் புரொடக்‌ஷனில் பழையதை ஓட்டுவது ஆபத்து. கெடு முடியும்வரை இரண்டுமே ஓப்பன் சோர்ஸ் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்; ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பின் வரையறைக்குள் இவை வராது.

அப்படியானால் கெடு யாருக்காக? நிறுவனம் மூடப்படும்போதும், விற்கப்படும்போதும், மனம் மாறும்போதும் மாட்டிக்கொள்பவர்களுக்காக. காக்ரோச்டிபி என்ற டேட்டாபேஸ் 2019-இல் பி.எஸ்.எல்.லுக்கு வந்து, மூன்று ஆண்டில் அப்பாச்சி 2.0 என்று வாக்குக் கொடுத்தது. 2024 நவம்பரில் 24.3 வெர்ஷனோடு பி.எஸ்.எல்.லையே கைவிட்டுத் தனக்கென எழுதிய, திறமூலம் அல்லாத உரிமத்துக்குப் போனது. ஆனாலும் ஏற்கெனவே பி.எஸ்.எல்.லில் வெளியானவை அந்தந்தத் தேதியில் திறந்தே தீரும். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது. அடுத்ததைக் கொடுக்காமல் இருக்கலாம்.

இங்கேதான் இரண்டுக்கும் நான்குக்கும் உள்ள தூரம் உறைக்கிறது. ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் உரிமத்தை மாற்றியபோது எதிர்த்தவர்கள் கெடுவுக்காகக் காத்திருக்கவில்லை. கையில் எம்.பி.எல்.லில் இருந்த பழைய நிரலை எடுத்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ஓப்பன்டோஃபு என்ற பெயரில் ஃபோர்க் செய்து (தனிக் கிளையாகப் பிரித்து), 2024 ஜனவரியில் 1.6-ஐ வெளியிட்டுவிட்டார்கள். நிற்க இடம் இருந்தது. முதல் நாளிலிருந்தே பி.எஸ்.எல்.லில் பிறந்த மென்பொருளுக்கு அந்த இடம் இல்லை. முதல் நான்கு ஆண்டு ஃபோர்க் செய்யத் திறந்த நிரலே இராது. அதன் பின்னும் கிடைப்பது நான்கு ஆண்டு பின்தங்கிய நிரல். டேட்டாபேஸ் உலகில் அந்த இடைவெளியைச் சிறு குழு ஒன்று எட்டிப் பிடிப்பது மிகக் கடினம். இரண்டு ஆண்டு என்றால் முயலலாம்.

கெடு உண்மையில் எவ்வளவு வலுவானது என்பதற்கு கிரிப்டோ நாணயங்களை மாற்றிக்கொள்ள உதவும் யுனிஸ்வாப்பின் மூன்றாம் வெர்ஷனான வி3 நல்ல சான்று. அதன் பி.எஸ்.எல். 2023 ஏப்ரல் 1-இல் முடிந்து ஜி.பி.எல். ஆனது. அதே மாதம் போட்டியாளரான பான்கேக்ஸ்வாப் தன் வி3-ஐ வெளியிட்டது. வெளியிட்டவர்களுக்கு வேண்டியதும் அதுதான்: முதல் இரண்டு ஆண்டு முந்துகை, பிறகு எல்லோருக்கும்.

புதிதாக ஒரு நிறுவனம் தொடங்குபவர் என்னைக் கேட்டால் எஃப்.எஸ்.எல். என்றுதான் சொல்வேன். கிளவுட் நிறுவனங்கள் அப்படியே எடுத்து விற்றுவிடும் என்ற பயம் நியாயமானதே. அதற்கு இரண்டு ஆண்டுப் பாதுகாப்பு போதும். பி.எஸ்.எல்.லைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் நான்கு என்பது உச்சவரம்புதான், குறைத்து எழுத உங்களுக்கு உரிமை உண்டு. கூடுதல் அனுமதியைச் சாதாரண டெவலப்பர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள்.

பயன்படுத்துபவர் என்றால், இரண்டு உரிமங்களிலும் இல்லாத ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெடு முடியும் நாளில் நிரலை இணையத்தில் வைத்திருக்க வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் அவை கட்டாயப்படுத்தவில்லை. நிரலை வைத்திருக்கும் ரெப்போவை நீக்கிவிட்டால் உரிமை இருக்கும், நிரல் இருக்காது. நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு வெர்ஷனின் மூலநிரலையும் உரிமக் கோப்போடும் வெளியீட்டுத் தேதியோடும் உங்கள் சர்வரில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.