மலக்குடல் புற்று: வெட்டாமல் காத்திருக்கும் ‘வாட்ச் அண்ட் வெயிட்’ வடசென்னைக்கு ஒத்துவருமா?

கரண்டும் (கதிர்வீச்சு) கீமோவும் முடிந்தாயிற்று. ரிப்போர்ட்டில் கட்டி தெரியவில்லை. ஆனாலும் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கச் சொல்கிறார்கள். ‘இல்லாத கட்டியை எதுக்கு வெட்டணும்?’ என்று வீட்டில் எழும் கேள்வி நியாயமானதுதான். கரண்ட், கீமோ முடித்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் வெட்டி எடுத்த குடலைப் பரிசோதித்தால் 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு ஒரு புற்று செல்கூட மிச்சமிருப்பதில்லை. சாவ் பாவ்லோவில் ஆஞ்செலிட்டா ஹபர்-காமா என்ற அறுவை மருத்துவர், கட்டி முழுக்க மறைந்த 71 பேரை வெட்டாமலே கண்காணித்து 2004ல் முடிவை வெளியிட்டார். அந்த வழிக்குத்தான் ‘வாட்ச் அண்ட் வெயிட்’ என்று பெயர். ஐந்து வருடத்துக்கு எடுக்கும் ஒரு சர்வீஸாக இதை வைத்துப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும்.

முதலில் தகுதி. மூன்று சாட்சிகளும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். விரல் விட்டுப் பார்க்கும்போது சுவர் வழவழப்பாக, முண்டு முடிச்சில்லாமல் இருக்கணும். ஸ்கோப்பில் (கேமரா வைத்த குழாய்) வெளுத்த, தட்டையான தழும்பும் அதன்மேல் சிலந்தி வலை மாதிரி மெல்லிய ரத்தநாளங்களும் தெரியலாம்; புண்ணோ மேடோ கூடாது. எம்ஆர்ஐயில் பழைய இடம் கறுத்த தழும்பாகத் தெரியணும், டிஃப்யூஷன் படத்தில் (செல்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தை வெள்ளையாகக் காட்டும் எம்ஆர்ஐ படம்) அங்கே வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது, சந்தேகப்படும்படி நெறிக்கட்டியும் கூடாது. மூன்றில் ஒன்று இழுத்தாலும் ‘முழுசா போச்சு’ என்று எழுதக் கூடாது. பயாப்சி நெகட்டிவ் என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. மிச்சமிருக்கும் செல்கள் தழும்புக்கு அடியில் ஆழத்தில் பதுங்கியிருக்கும். ஊசி முனையளவு சதை மேலிருந்து கிள்ளினால் அவை சிக்காது.

கரண்ட் முடிந்த கையோடு எடுக்கும் ஸ்கேனும் ஏமாற்றும். வீக்கம் அடங்க 8 முதல் 12 வாரம் வேண்டும். அதற்குப்பின் கீமோ தொடர்ந்தால் அது முடிந்தபிறகு பார்ப்பதுதான் சரி. ‘ஏறக்குறைய போயிடுச்சு’ என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இன்னும் 6 முதல் 12 வாரம் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அந்த இடைவெளியில் அவசரப்பட்டு எந்தப் பக்கமும் சாய வேண்டாம்.

இனி முக்கியமான கணக்கு. பல நாடுகளில் இப்படிக் கண்காணிக்கப்பட்ட 880 பேரின் விவரம் 2018ல் வெளிவந்தது. இரண்டே வருடத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அதே இடத்தில் கட்டி திரும்பியது. திரும்பியவற்றில் 88 சதவீதம் முதல் இரண்டு வருடத்துக்குள். 97 சதவீதம் குடல் சுவரிலேயே. அதாவது விரலுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டுகிற இடம். நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலோருக்கு அப்போது ஆபரேஷன் செய்துகொள்ள முடியும். கட்டி திரும்பியவர்களுக்கு ஈரல், நுரையீரல் என்று பரவும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

ஆகவே இந்த சர்வீஸின் உயிர் தேதியில் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை விரல், ஸ்கோப், சிஇஏ (கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை. பிறகு ஐந்து வருடம் முடியும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை. கூட்டினால் 14 தடவை. எம்ஆர்ஐ முதல் மூன்று வருடம் 6 மாதத்துக்கு ஒன்று, ஆக மொத்தம் ஆறு. நெஞ்சு, வயிறு சி.டி. ஸ்கேன் தனி. காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் இது அவருக்கு ஆகாது. 61 நாளில் வருடத்துக்கு நாலு விசிட் அடங்காது. நம் மதிப்பெண்: தேதி தவறாதவருக்கு 5க்கு 4; ‘வலி இல்லையே, அப்புறம் போகலாம்’ என்பவருக்கு 5க்கு 1. திரும்பும் கட்டி ஆரம்பத்தில் வலிக்காது.

போக்குவரத்து முன்பைவிடத் தேவலை. 2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின், திருவொற்றியூர்க்காரர் வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்விடலாம்; கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கிற வேலையில்லை. ஸ்கோப்புக்கான எனிமாவை வீட்டில் எடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கரண்ட் பட்ட குடலுக்கு அடக்கிவைக்கும் சக்தி குறைவு, டோல்கேட் தாண்டுமுன் திண்டாட்டமாகிவிடும். மருத்துவமனையிலேயே எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

வெட்டுவதன் பக்கமும் பார்ப்போம். கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்திருந்தால் ஆயுள் முழுக்க வயிற்றில் மலம் சேரும் பை; கொஞ்சம் மேலே என்றால் சில மாதப் பை, அதை மூடியபின் பலருக்கு ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவை மோஷன், அவசரம், கசிவு. சிறுநீர், தாம்பத்திய நரம்புகளும் அடிபடலாம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவருக்குப் பை வைத்த இடத்தில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் பையைக் கண்டு பயந்து மட்டும் காத்திருப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். திரும்பி வந்தால் அதே பைதான், கூடவே கெட்டுப்போன நேரமும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர முடியாதவருக்கும், தழும்பில் சந்தேகம் இருப்பவருக்கும் ஆபரேஷன்தான் நேர்மையான சிபாரிசு.

இடம் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒவ்வொரு முறையும் அதே டாக்டர் விரல் வைத்துப் பார்ப்பாரா? போன தடவை ஸ்கோப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்களா? வரவில்லை என்றால் போன் செய்வது யார்? திரும்பினால் எத்தனை வாரத்தில் ஆபரேஷன்? காப்பீட்டு அட்டை கண்காணிப்பு எம்ஆர்ஐக்கும் செல்லுமா? பதில் ‘பார்த்துக்கலாம்’ என்றால் அடுத்த இடம். புகை பிடிப்பவருக்கு சிஇஏ லேசாக ஏறியே இருக்கலாம். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், வீண் பீதி மிச்சம்.

ஸ்கேன் சென்டரில் பெரிய ஃபிலிமை மட்டும் வாங்கிவராதீர்கள், படங்கள் பதிந்த சிடி டிஸ்க்கும் கேளுங்கள். டிஃப்யூஷன் படம் முழுசாக அதில்தான் இருக்கும். சிடி மேல் தேதியை மார்க்கரில் எழுதி, சிகிச்சைக்கு முன் எடுத்த முதல் எம்ஆர்ஐயோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள். கட்டி முதலில் எங்கே இருந்தது என்று அது இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.