0.3 சதவீத ரெட்டினால் கிரீம்: ஆறு மாதம் பூசிய பிறகு

நில அளவையாளராக இருபது ஆண்டுகள் வெயிலில் நின்றிருக்கிறேன். கண்ணோரச் சுருக்கமும் கன்னத்துக் கரும்புள்ளிகளும் அந்த வேலை தந்தவை. தோல் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால் கலந்த இந்தக் கிரீமை வாங்கினேன்.

முதலில் ட்யூபைப் பாராட்ட வேண்டும். வெளிச்சமும் காற்றும் பட்டால் ரெட்டினால் வீரியம் இழந்துவிடும். இது அலுமினிய ட்யூப், வாயும் மிகச் சிறியது. பட்டாணி அளவு பிதுக்கினால் முகம் முழுவதற்கும் போதும். அகன்ற வாய்க் குப்பியில் அடைத்து விற்கும் ரெட்டினாலை நான் வாங்கவே மாட்டேன்.

குறை, உள்ளே மடித்து வைத்திருந்த தாளில்தான். தோல் உரியலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் மூக்கின் இரு ஓரமும் வெள்ளைச் செதிலாக எழும்பியது. சிரித்தால் உதட்டோரம் சுரீரென்றது. பயந்து நிறுத்திவிட்டேன். மருத்துவர்தான் புரியவைத்தார். ரெட்டினாலைத் தோல் செல்களே இரண்டு படிகளில் ரெட்டினாயிக் அமிலமாக மாற்றிக்கொள்கின்றன. அந்த அமிலம் உட்கருவில் உள்ள ஏற்பிகளோடு சேர்ந்து மரபணுக்களை முடுக்குகிறது. உடனே மேலடுக்குச் செல்கள் ஹெச்பி-ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை வெளிவிடுகின்றன. அந்தச் சேதி எட்டியதும் அடியடுக்குச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. கீழே புதியவை நெருக்க, மேலே பழையவை உதிர்கின்றன. நான் கேடு என்று நினைத்தது, மருந்து வேலை செய்ததன் அடையாளம். இதைத் தாளில் நான்கு வரி அச்சிட்டிருந்தால் இடையில் ஒரு மாதம் வீணாகியிருக்காது.

பிறகு வாரம் இரண்டே இரவுகள், அடியில் மாய்ஸ்சரைசர் தடவி அதன்மேல் பூசினேன். எரிச்சல் அடங்கியதும் ஒன்றுவிட்டு ஒரு நாள். பகலில் சன்ஸ்கிரீன் தவறியதில்லை. வெயில் பட்ட தோலில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை அரிக்கும் நொதிகள் கூடும். ரெட்டினாயிக் அமிலம் அவற்றைத் தடுக்கிறது. ஆனால் புது கொலாஜன் சேர மாதங்கள் பிடிக்கும். நான்காம் மாதம் புள்ளிகள் மங்கின. கண்ணோரக் கோடுகள் இப்போதுதான் மெலிகின்றன. நெற்றியின் ஆழமான கோடு அப்படியே இருக்கிறது.

என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கை ட்யூபைக் கேட்டாள். அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. வைட்டமின் ஏ வகைப் பூச்சுகளைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும் என்று சொல்லி, ட்யூபைத் தர மறுத்துவிட்டேன். பெட்டியின்மேல் அந்த எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டிருந்ததால் அவளிடம் காட்ட முடிந்தது.