கன்ட்ரிபியூட்டர் கவனன்ட் 2.1: மூன்று வருடம் பாவித்தபின்

இது ஹட்டன் கடைத்தெருவில் வாங்கக்கூடிய சாமான் அல்ல. மென்பொருள் எழுதும் குழுக்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும், மீறியவரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஓர் ஆவணம். அச்சிட்டால் சில பக்கங்கள்தான் வரும். விலை கிடையாது. எடுத்து மாற்றியும் எழுதலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டால் போதும். கோரலைன் அடா எம்கி 2014இல் இதை எழுதினார். நாங்கள் பாவிப்பது 2021இல் வந்த 2.1ஆம் பதிப்பு.

எங்களுக்கு எதற்கு இது என்று கேட்பீர்கள். டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறிக்கிறார். மடுவம் என்ற கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒரு நாளைக்கு மூன்று முறை நிறுப்பார்கள். அந்தக் கிலோவை அன்றன்றே போனில் பதிந்துவைத்து, மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். பிறகு பண்டாரவளையிலிருந்து பாடசாலை முடித்த ஒரு தம்பி வந்து சேர்ந்தான், பதுளையிலிருந்து ஒருவர், வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர். ஐந்து பேர். ஐந்து பேருக்குச் சட்டம் தேவையா என்று அன்றைக்கு நானும் சிரித்தேன். நிரலைப் பொதுவில் வைத்திருக்கும் தளம் கேட்டதால் ஒரு பொத்தானை அழுத்திச் சேர்த்துவிட்டு மறந்துபோனேன்.

முதல் குறை அங்கேதான். முறைப்பாடு செய்ய வேண்டிய முகவரிக்கு ஆவணத்தில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். சதுர அடைப்புக்குள், தொடர்பு வழியை இங்கே எழுதவும் என்று. நான் எழுதவில்லை. எட்டு மாதம் அது அப்படியே கிடந்தது, புது வீட்டுக் கதவில் பூட்டு இல்லாத நாதாங்கி மாதிரி. நான் மட்டும் இல்லை. இந்த அடைப்பை நிரப்பாமலே இதை மாட்டிவைத்திருக்கும் நிரல்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆவணம் செய்தவர்களின் பிழை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

பிறகு மழைக்காலத்தில் அந்தச் சண்டை வந்தது. பைத்தன் என்ற நிரல் மொழியில் round கொண்டு ஓர் எண்ணை முழு எண்ணாக்கினால், சரி பாதியில் நிற்கும் எண் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். 6.5 என்பது 6 ஆகும், 7.5 என்பது 8 ஆகும். சம்பளச் சீட்டில் முழுக் கிலோ மட்டும் இருப்பதால் தம்பி ஒவ்வொரு நிறுவையையும் இப்படி முழு எண்ணாக்கியிருந்தான். காலையில் 6.5, பகலில் 4.5, பின்னேரம் 6.5 என்றால் உண்மைக் கூட்டுத்தொகை 17.5. நிரல் சொன்னது 16. வெளிநாட்டிலிருந்த ஒருவர் இதைக் கண்டுபிடித்தார். தம்பியும் வாய் மூடவில்லை: இன்றைக்குக் குறைந்தால் நாளைக்குக் கூடும், மாதக் கடைசியில் சமனாகும், அதற்காகவே பைத்தனில் அப்படி வைத்திருக்கிறார்கள் என்றான். அதுவும் உண்மைதான். பெரிய எண்ணிக்கையில் கணக்கு ஒரு பக்கம் சாயாமல் இருக்கத்தான் அந்த முறை. ஆனால் தோட்டத்தில் பேர் போடுவது, அதாவது அன்றைய சம்பளத்தைப் பதிவது, நாளுக்கு நாள். இன்றைக்குக் குறித்த கிலோ வராவிட்டால் இன்றைக்கு அரைப்பேர், பாதி நாள் சம்பளம். நாளைக்கு இரண்டு கிலோ கூடி வந்து என்ன பயன்?

ஆகக் கண்டுபிடித்தவர் சொன்னது சரி. அதை அவர் எழுதிய விதம் வேறு. "தோட்டக்காட்டுக் கணக்கு இப்படித்தான் இருக்கும்" என்று முடித்திருந்தார். தோட்டத்துத் தமிழரான எங்களை இழிவாகச் சொல்லும் சொல் அது. தம்பி திருப்பி எழுதியதை இங்கே போட மாட்டேன். ஊரை விட்டு ஓடியவர்கள் பற்றி ஒரு வரி இருந்தது, அதோடு விடுவோம்.

இரவு பத்து மணிக்குத் தம்பி போன் எடுத்தான். "அக்கா, இதை யாரிடம் சொல்வது?" அடைப்புக்குள் முகவரி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

மறுநாள் ஆவணத்தைச் சொல் சொல்லாகப் படித்தேன். யாருக்கெல்லாம் தொந்தரவு இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்று அதில் நீண்ட பட்டியல் இருக்கிறது: வயது, உடல் பருமன், அனுபவம், கல்வி, பொருளாதார நிலை, நாட்டுரிமை, இனம், சாதி, நிறம், மதம். சாதி என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தொழில்நுட்ப ஆவணத்தில் பார்த்தபோது கொஞ்சம் நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்தில், எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையில், எவரும் வாயால் சொல்லாத, கல்யாணப் பேச்சில் மட்டும் தவறாமல் எழுந்து நிற்கிற சொல். ஆனால் "தோட்டக்காடு" எந்தப் பெட்டியில் விழும்? எழுதியவரும் தமிழர், திட்டு வாங்கியவனும் தமிழன். நாட்டுரிமை என்று சொல்லலாமா? இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்களாக்கியது, அதன் மிச்சம்தான் அந்தச் சொல்லில் இருக்கிறது என்று வாதாடலாம். அந்த வாதத்தை ஒரு நிரல் பிழைக்குக் கீழே நடத்த எனக்குத் தெம்பு இல்லை. நல்ல வேளையாக வேறொரு வரி கைகொடுத்தது: இழிவுபடுத்தும் பேச்சும் ஆளைத் தாக்குவதும் கூடாது என்று பொதுவாகவே சொல்லியிருக்கிறது. பெட்டி தேட வேண்டியதில்லை.

இந்த ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தண்டனையின் படிகள். முதல் படி திருத்தம்: எது தவறு, ஏன் தவறு என்று தனியாக எழுதிச் சொல்வது. அடுத்தது எச்சரிக்கை. பிறகு தற்காலிகத் தடை. கடைசியில் நிரந்தரத் தடை. இது இல்லாவிட்டால் நான் அன்றைக்கே அவரை வெளியே தள்ளியிருப்பேன். படி இருந்ததால் முதல் படியில் நிற்க வேண்டியதாயிற்று. யார் தொடங்கினார் என்று அந்தப் படி கேட்பதில்லை, ஆகவே தம்பிக்கும் ஒரு கடிதம் போயிற்று. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போதாத இடம் ஒன்றும் உண்டு. நான்தான் நிரலுக்குப் பொறுப்பு, தம்பியைக் கூட்டிவந்ததும் நான்தான். நடுவர் ஒரு பக்கத்து ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று 2.1இல் எழுதியில்லை. கண்டியில் இருக்கும் என் பழைய கணித டீச்சரைப் பிடித்தேன். நிரல் எழுதத் தெரியாது, கணக்குத் தெரியும். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இதை இரண்டு கடிதமாக எழுது பிள்ளை, ஒன்றில் மற்றது வரக் கூடாது" என்றார். முதல் கடிதத்தில், நீங்கள் காட்டிய பிழை சரி, நிறுவைகளை முழு எண்ணாக்குவதையே நிறுத்துகிறோம், திருத்தத்தை நீங்களே அனுப்புகிறீர்களா என்று கேட்டேன். இரண்டாவதில் அந்த ஒரு சொல் மட்டும்.

இந்தப் பிரிப்பை ஆவணம் சொல்லித்தராது. திட்டுக்கு அதனிடம் மருந்து இருக்கிறது. கருத்து வேறுபாட்டுக்கு இல்லை. திட்டியவர் சரியாகச் சொல்லியிருந்தால், திட்டோடு சேர்த்து அந்தச் சரியையும் குப்பையில் போட்டுவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. யாரும் யாரையும் திட்டாமலே ஆளைக் களைக்கவைக்கும் சண்டைகளும் உண்டு. பைத்தனை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018 ஜூலையில் தலைமையை விட்டு விலகியது ஒரு புதுக் குறியீடு பற்றிய நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகுதான். அதே வருடம் செப்டம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை நடத்தும் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடிதங்களில் பிறரைத் தாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அங்கேயும் அப்போது இந்த ஆவணத்தின் முந்தைய பதிப்பு ஒன்றைத்தான் எடுத்தார்கள். இரண்டாவது மாதிரிச் சண்டைக்கு இது உதவும். முதலாவதற்கு உங்கள் ஊரில் ஒரு கணித டீச்சர் வேண்டும்.

எங்கள் பிழையைக் கண்டுபிடித்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சொல்லை அழித்தார். நான்கு நாள் கழித்து ஒரு வார்த்தையும் எழுதாமல் திருத்தத்தை அனுப்பினார், சுத்தமான வேலை. தம்பிதான் சரிபார்த்துச் சேர்த்தான். பங்களித்தவர்கள் பட்டியலில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன, அகர வரிசை அப்படி.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடைப்புக்குள் இப்போது டீச்சரின் மின்னஞ்சலும் இருக்கிறது. 2025இல் 3.0 வந்திருக்கிறது. அதன் பட்டியலில் மொழியும் சமூகப் பின்புலமும் இருக்கின்றன, "தோட்டக்காடு" விழக்கூடிய பெட்டி கடைசியில் கிடைத்திருக்கிறது. மாறலாம் என்கிறான் தம்பி. பதுளைக்காரர், தமிழில் ஒரு முறை எழுதியதைத் திரும்ப எழுத நேரமில்லை என்கிறார். மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.