ஒரு டம்ளர் குளுக்கோஸும் வீணாய்ப் போன ஊசி மருந்தும்

மூன்று வார லீவில் ஒரு வாரம் ஸ்கேன் சென்டரிலேயே போயிற்று. மாரடைப்புக்குப் பிறகு அப்பாவின் இஎஃப், அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம். துடிக்காத தசை செத்துவிட்டதா, ரத்தம் போதாமல் தூங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பைபாஸ் பேச்சு என்றார் டாக்டர். எம்ஆர்ஐ குழாய்க்குள் படுக்க அப்பாவுக்குப் பயம், அதனால் கதிரியக்க ஊசி போட்டு எடுக்கும் பெட் (PET) ஸ்கேன். மறுநாளே தேதி! நான் இருக்கும் நாட்டில் மாதக் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

ஸ்கேன் என்றால் வெறும் வயிறு, அதுதானே நமக்குத் தெரிந்தது. மாத்திரைகூடப் போடாமல் வந்த அப்பாவிடம் நர்ஸ் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரை நீட்டினார்.

“சர்க்கரைக்காரனுக்குக் குளுக்கோஸாம்மா?”

“குடிங்க ஐயா, டாக்டர் சொல்லியிருக்கார்.”

விஷயம் சரிதான். வெறும் வயிற்றில் இதயத் தசை பெரும்பாலும் கொழுப்பைத்தான் எரிக்கும். இன்சுலின் ஏறினால்தான் ஊசியில் போகிற எஃப்டிஜி என்ற கதிரியக்கச் சர்க்கரையை நன்றாக இழுக்கும். ரத்தம் குறைந்தும் சர்க்கரையை இழுக்கிற இடத்தில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போட்டு அளவை இறக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மீட்டரில் 310. ஊசி. அப்புறம் 290. மறுபடி ஊசி. 275. எஃப்டிஜியோ 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிற சரக்கு, காலையிலேயே வேனில் வந்து இறங்கியது. மூன்று மணிக்கு டெக்னீஷியன் ஈயப் பெட்டியை மூடினார். “இனிமே பத்தாது சார், வேற நாள் வாங்க.” நான் கத்திவிட்டேன், பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. நான் இருக்கும் நாட்டில் என்றால் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று இரண்டு பக்கக் கடிதம் வீட்டுக்கு வந்திருக்கும்.

வேறு வழி பார்த்தோம். தாலியம் என்ற இன்னொரு கதிரியக்க ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன் என்றால் 4 மணி நேரம் கழித்து ஒரு படம், தேவைப்பட்டால் மறுநாளும் ஒன்று. இதயத்தைத் தூண்டும் டோபுடமைன் மருந்தை ஏற்றி எக்கோ செய்யலாம் என்றால் அப்பாவுக்கு எக்கோ படமே தெளிவாக விழாது. கடைசியில் கிட்னியைச் சோதித்துவிட்டு எம்ஆர்ஐதான். “மூச்சைப் பிடிங்க” என்ற ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி பிடித்தாராம். கடோலினியம் என்ற, படத்தில் தழும்பை வெளிச்சமாகக் காட்டும் மருந்தை ஊசியில் போட்டு 10 நிமிடம் கழித்து எடுத்த படத்தில் இதயச் சுவரின் உள்பக்கம் மெல்லிய வெள்ளைக் கோடு. அதுதான் தழும்பு. சுவரின் கனத்தில் கால் பங்குகூட இல்லை. பாதியைத் தாண்டியிருந்தால் அந்த இடம் தேறுவது கடினம் என்றார் டாக்டர். இவ்வளவு மெல்லியது தாலியம் படத்தில் கண்ணில் படாமலே போயிருக்கலாமாம்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: “ஏன்டா, இன்னைக்குக் குளுக்கோஸ் தரலையே?”