நெளிந்த அலாய் வீல்: நிமிர்த்துவதா, மாற்றுவதா?

பள்ளத்தில் கார் சக்கரம் தடாலென்று இறங்கினால் பெரும்பாலும் நெளிவது வீலின் உள்பக்க விளிம்புதான். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. வேகம் 80ஐத் தொடும்போது ஸ்டீயரிங் உதறும்; அல்லது அந்த ஒரு டயரில் மட்டும் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும்.

விளிம்பில் சின்ன நெளிவு மட்டும், விரிசல் இல்லை என்றால் நிமிர்த்துவதே போதும். செலவும் புது வீலைவிட நன்றாகவே குறையும். நல்ல கடையில் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மெல்ல அழுத்தி, டயல் கேஜ் (சிறு கோணலையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்து வீல் நேராகச் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். காஸ் டார்ச்சால் கண்டபடி சூடாக்கிச் சுத்தியலால் தட்டுகிற இடம் என்றால் தயவுசெய்து திரும்பி வந்துவிடுங்கள். அலுமினியக் கலவை வீல்கள் பலவற்றுக்கு வெப்பப் பதப்படுத்தலால்தான் வலு கூடுகிறது. அளவில்லாத சூடு அதைக் கெடுத்துவிடும். இரும்பு வீல் அடி தாங்கி வளையும். அலாய் விரிசலும் விடக்கூடும்.

ஸ்போக்கிலோ போல்ட் துளை அருகிலோ விரிசல் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். வெல்டிங் வேண்டவே வேண்டாம், உள்ளே குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. மாற்றும்போது விட்டம், அகலம், பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம்), நடுத்துளை எல்லாம் பொருந்த வேண்டும். பழைய வீல் வாங்கினால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்; அதுவும் எங்கோ நிமிர்த்திப் பெயின்ட் அடித்ததாக இருக்கலாம்.

அப்புறம் டயர். பக்கச்சுவரில் புடைப்பு இருந்தால், வீலை என்ன செய்தாலும் டயரை மாற்றியாக வேண்டும்.