புதிய வின்ச் கேபிளைச் சுற்றும் வழிகள்: கையா, பிரேக்கா, சரிவா, இன்னொரு வண்டியா?

சிக்கிக்கொண்ட வண்டியை இழுத்து மீட்க உதவும் வின்ச்சின் புதிய கேபிளை, இழுவிசை இல்லாமல் டிரம்மில் (கேபிள் சுற்றப்படும் உருளையில்) சுற்றி வைத்தாலும் பார்வைக்கு அது ஒழுங்காகவே இருக்கும். குறை வெளிப்படுவது முதல் கடுமையான இழுப்பின்போதுதான். பாரம் ஏறியதும் மேலடுக்கின் கேபிள், கீழே தளர்ந்து கிடக்கும் சுற்றுகளை விலக்கிக்கொண்டு இறங்கி, அங்கேயே நசுங்கி மாட்டிக்கொள்ளும். அப்படி நசுங்கிய எஃகுக் கேபிள் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. செயற்கை இழைக் கயிறாக இருந்தால் இழைகள் உராய்ந்து அறுபடத் தொடங்கும். ஆகவே சுற்றும்போதே பாரம் கொடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதை எவ்வழியில் கொடுப்பது என்பதில்தான் வேறுபாடு உண்டு.

எவ்வளவு பாரம் என்பதற்குச் சில கையேடுகள் குறைந்தது 500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 227 கிலோ என்கின்றன. வேறு சில, வின்ச்சின் இழுதிறனில் 10 சதவீதம் என்கின்றன. வழிகளை எடைபோட இந்த அளவுகோலே போதும்.

கையுறை அணிந்த ஒருவர் கேபிளின் முனையைப் பிடித்துக்கொண்டு நடந்துவருவது எளிதான வழி. ஆனால் மனிதக் கையால் சில பத்து கிலோவுக்கு மேல் சீராகத் தர இயலாது. டிரம்மை நெருங்கும்போது விரல்கள் உள்ளே இழுக்கப்படும் ஆபத்தும் உண்டு. முதல் சில சுற்றுகளை இடைவெளியின்றி அடுக்குவதற்கு மட்டுமே இதை நான் ஏற்பேன்.

சமதளத்தில் கேபிளை எதிரே உள்ள மரத்திலோ நிலையான பிடிமானத்திலோ மாட்டி, வண்டியைத் தானே முன்னோக்கி இழுத்துக்கொள்ளச் செய்வது அடுத்த வழி. இங்கே பலர் கவனிக்கத் தவறும் கணக்கு ஒன்று உண்டு. இரண்டு டன் எடையுள்ள வண்டி கெட்டியான சமதளத்தில் நியூட்ரலில் உருளும்போது தரும் எதிர்ப்பு, சுமார் 30 முதல் 40 கிலோ மட்டுமே. மீதியைப் பிரேக்தான் தர வேண்டும். கால் பிரேக்கை அழுத்தினால் இழுவிசை ஏறி இறங்கி, ஓர் அடுக்கு இறுகியும் அடுத்தது தளர்ந்தும் அமையும்; ஹேண்ட்பிரேக்கை ஓரிரு பற்கள் மட்டும் ஏற்றி வைப்பது அதைவிடச் சீரானது. ஆனால் பொத்தானால் இயங்கும் மின் ஹேண்ட்பிரேக்கை இப்படிப் பாதியில் நிறுத்துவது பொதுவாக இயலாது.

என் தேர்வு மென்மையான சரிவுதான். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் பாதையில், கேபிளை மேலே உள்ள பிடிமானத்தில் மாட்டி வண்டியைத் தானே ஏறச் செய்தால், அதே இரண்டு டன் வண்டியின் எடையே கேபிளில் சுமார் 200 கிலோ இழுவிசையைத் தரும். உருளும் எதிர்ப்பையும் சேர்த்தால் 230 முதல் 240 கிலோ. கையேடு கேட்கும் 227 கிலோ பிரேக்கைத் தொடாமலே கிடைத்துவிடுகிறது. அதுவும் சரிவு மாறாதவரை தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவில். பத்து சதவீதக் கணக்கின்படி அதிக பாரம் வேண்டிய பெரிய வின்ச்சுக்கு, ஹேண்ட்பிரேக்கைச் சிறிது சேர்த்துக்கொண்டால் போதும். ஆனால் இந்த வழிக்கு இருவர் கட்டாயம் தேவை: ஒருவர் இருக்கையில் அமர்ந்து, பிரேக் வலுவும் பேட்டரியும் குறையாதபடி இன்ஜினை ஓடவிட்டு, காலைப் பிரேக்கின் அருகே வைத்திருக்க வேண்டும், மற்றவர் கேபிளின் நேர்க்கோட்டை விட்டு விலகிப் பக்கவாட்டில் நடந்தபடி டிரம்மைக் கவனிக்க வேண்டும். கேபிள் ஓரிடத்தில் குவியத் தொடங்கினால் உடனே நிறுத்தி, ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பி இழுக்கும் கோணத்தை மாற்றலாம்.

இன்னொரு வண்டியைப் பாரமாக இழுப்பதில் பெரிய நன்மை, நம் வண்டி அசையாமல் நிற்பதால் ஒவ்வொரு சுற்றும் எங்கே விழுகிறது என்பதை நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிவது. ஆனால் சமதளத்தில் அந்த வண்டியின் ஓட்டுநர் கொடுக்கும் பிரேக்கையே நம்ப வேண்டியிருப்பதால், முன்சொன்ன சீரின்மை இங்கும் தொடரும். இரண்டு வண்டிகளும் சரிவும் வாய்த்தால், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து நம் வண்டியை மேலே நிறுத்தி, ஓட்டுநர் அமர்ந்த மற்றதைக் கீழிருந்து மெல்ல இழுப்பதே யாவற்றிலும் சிறந்தது. சீரான பாரமும் தெளிவான பார்வையும் ஒருங்கே கிடைக்கும் ஏற்பாடு அது ஒன்றே.

எந்த வழியானாலும் கேபிளை முழுவதுமாக வெளியே விட்டுவிடக் கூடாது. டிரம்மோடு இணைக்கும் முனை பாரம் தாங்காது. சுற்றுகளின் உராய்வே தாங்குகிறது. எஃகுக் கேபிளுக்குக் குறைந்தது ஐந்து சுற்றுகளும், வழுக்கும் இயல்புடைய செயற்கைக் கயிற்றுக்குப் பொதுவாக எட்டு முதல் பத்துச் சுற்றுகளும் உள்ளே இருக்க வேண்டும். கடைசி இரண்டு மீட்டருக்கு முன்பே இழுப்பை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுமையாக ஏற்றி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் கேபிளைத் தளர்த்திக் கொக்கியைக் கழற்ற வேண்டும்; எஞ்சிய பகுதியை, ரிமோட் பொத்தானைச் சிறிது சிறிதாக விட்டு விட்டு அழுத்தி, கொக்கியில் கட்டிய பட்டையால் இறுக்கிப் பிடித்தபடி சுற்றலாம்.