நான்மெம் 7.4ஆ, 7.5ஆ: எண் மாறினால் எந்தப் பக்கம் நிற்பது?

நான்மெம் என்பது மருந்து உடம்பில் எப்படி நடந்துகொள்கிறது என்று நோயாளிகளின் டேட்டாவை வைத்துக் கணக்கிடும் மென்பொருள். ஒரே கண்ட்ரோல் ஸ்ட்ரீம் (மாடலை எழுதிக் கொடுக்கும் கோப்பு), ஒரே டேட்டா. 7.4ல் ஒரு ஓஎஃப்வி (மாடல் டேட்டாவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது) வருகிறது, 7.5ல் வேறொன்று. பாப்புலேஷன் பிகே மாடல் (ஒரு மருந்து பலருடைய உடம்பில் போகும் போக்கையும் ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசத்தையும் சொல்லும் கணக்கு) ஓட்டுகிற யாருக்கும் ஒருநாள் இந்தத் தலைவலி வரும். வந்தால் மூன்று வழி இருக்கிறது. பழைய வெர்ஷனை அப்படியே உறையவைத்து அதிலேயே வேலையை முடிக்கலாம். எல்லாவற்றையும் புதியதில் திரும்ப ஓட்டி, இனி இதுதான் கணக்கு என்று சொல்லிவிடலாம். இரண்டும் வேண்டாமென்று இதே வேலையைச் செய்யும் வேறு மென்பொருள்களான மோனோலிக்ஸ், என்எல்மிக்ஸ்ஆர்2 பக்கம் போகலாம். குன்னூரில் வீட்டிலிருந்தே வெளியூர் ஆட்களுக்கு மாடல் ஓட்டித் தருகிற நான் முதல் வழியைத்தான் எடுத்தேன்: பாதியில் நிற்கும் வேலை பழையதில், புதிதாகத் தொடங்குவது புதியதில். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன், நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊட்டியில் பார்மசி படித்துவிட்டு என்னோடு வேலை பார்க்கும் தம்பி, "ரெண்டு வெர்ஷன், ரெண்டு நம்பர், எதைங்கண்ணா ரிப்போர்ட்ல எழுதறது?" என்று கேட்டான். ஓஎஃப்வியில் மூன்றாம் தசம இடத்தில் வித்தியாசம் என்றால் அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. நான்மெம் இயல்பாகத் தேடுவதே 3 முக்கிய இலக்கத் துல்லியத்துக்குத்தான். ஒரு பாராமீட்டரைச் சேர்ப்பதா விடுவதா என்று, ஓஎஃப்வி 3.84 இறங்குகிறதா என்பதை வைத்து முடிவெடுக்கிற துறை இது, அங்கே 0.002க்குப் பதறி என்ன ஆகப்போகிறது? ஆனால் 5, 10 என்று மாறினாலோ, ஒன்றில் மினிமைசேஷன் (மிகக் குறைந்த ஓஎஃப்வியைத் தேடுவது) வெற்றி என்று வந்து மற்றதில் பிழை 134 (ரவுண்டிங் பிழையால் தேடல் நின்றது) என்று நின்றாலோ, சரி, அப்போது உட்கார வேண்டியதுதான்.

உட்கார்ந்தால் முதலில் செய்வது ஒன்றுதான். பழைய வெர்ஷன் தந்த கடைசி மதிப்புகளை, பிஎஸ்என்னில் (நான்மெமை ஓட்ட உதவும் துணைக் கருவித் தொகுப்பு) இருக்கும் அப்டேட்-இனிட்ஸ் கட்டளையால், தொடக்க மதிப்புகளாகப் போட்டு, மேக்ஸ்இவால் 0 என்று வைத்துப் புதியதில் ஓட்டுங்கள். அப்போது அது எதையும் தேடாது, அந்த இடத்தில் ஓஎஃப்வி எவ்வளவு என்று மட்டும் சொல்லும். பழைய எண்ணே வந்தால் மாடலும் டேட்டாவும் ஒன்றுதான், தேடிப் போன பாதை மட்டும் வேறு. வேறு எண் வந்தால் டேட்டாவைப் படித்த விதத்திலோ வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்த்த விதத்திலோ ஏதோ மாறியிருக்கிறது. பிறகு இரண்டு ரன்களின் பிஎச்ஐ கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆள்வாரியாக ஓபிஜே பத்தியை (ஓஎஃப்வியில் அந்த ஆளின் பங்கு) கழித்துப் பாருங்கள். அநேகமாக ஓரிரு நோயாளிகளில்தான் மொத்த வித்தியாசமும் உட்கார்ந்திருக்கும்.

பாதை வேறு என்பதற்குக் கண்முன் காட்டக்கூடிய உதாரணம் தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தின் டேட்டா. 12 பேர், வாய்வழி ஒரே டோஸ், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுடனேயே வருவது. (1888ல் ஆல்பிரெக்ட் காசல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம் தெரிகிற ஊரில் இதை வைத்துச் சோதிப்பதில் எனக்கொரு சின்ன சந்தோஷம்.) இதில் உறிஞ்சும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1.5, வெளியேறும் வேகம் 0.09, பரவல் கன அளவு (மருந்து பரவியதாகக் கணக்கில் வரும் இடம்) 32 லிட்டர் அளவில் வரும். தொடக்க மதிப்பைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் இரண்டு வேகங்களும் இடம் மாறிக்கொள்ளும். கிளியரன்ஸ் (உடம்பு மருந்தை வெளியேற்றும் திறன்) அசையாது, ஓஎஃப்வியும் பெரிதாக அசையாது, ஆனால் கன அளவு 2 லிட்டருக்கும் கீழே இறங்கிவிடும். பெரியவர் உடம்பில் பிளாஸ்மா மட்டுமே 3 லிட்டர் இருக்கும்போது இது நடக்காத காரியம். வெர்ஷன் மாறினால் தேடல் எடுத்துவைக்கும் அடிகளும் கொஞ்சம் மாறுகின்றன, ஓரமாக நிற்கிற மாடல் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. இதற்கு வெர்ஷனைத் திட்டிப் பயனில்லை. உறிஞ்சும் வேகம் எப்போதும் வெளியேறும் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கும்படி மாடலை எழுதிவிட்டால் இரண்டு வெர்ஷனும் ஒரே இடத்துக்கு வந்து சேரும்.

இப்போது முக்கியமான விஷயம். "பழையதை வைத்திருக்கிறேன்" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது நான்மெம் ஃபோல்டரை மட்டும்தான். அது போதாது. நான்மெம் ஓடுவதற்கு முன் என்எம்-ட்ரான் உங்கள் கண்ட்ரோல் ஸ்ட்ரீமை ஃபோர்ட்ரான் நிரலாக மாற்றுகிறது, அதை உங்கள் கணினியில் இருக்கும் கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது) ஒவ்வொரு ரன்னுக்கும் புதிதாகக் கம்பைல் செய்கிறது. அந்தக் கம்பைலர் யார் வைத்தது? லினக்ஸ் அப்டேட் ஓடிய ஒரு ராத்திரியில் ஜிஃபோர்ட்ரான் என்ற அந்தக் கம்பைலர் தானாகப் புது வெர்ஷனுக்குப் போயிருக்கும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. மாவு அதேதான், தோசைக்கல் மாறிவிட்டது. கணினியில் தசம எண்களைக் கூட்டும்போது எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கடைசி இலக்கங்கள் மாறும். ஃபாஸ்ட்-மேத் மாதிரியான வேக விருப்பங்களைப் போட்டால் அந்த வரிசையை மாற்றிக்கொள்ளக் கம்பைலருக்கு அனுமதி கொடுத்தாயிற்று. 15வது இலக்கத்தில் தொடங்குகிற அந்தச் சிறு பிசகு, சரிவைக் கணக்கிட இரண்டு பக்கத்து மதிப்புகளைக் கழிக்கும்போது பெரிதாகிறது. அதனால்தான் டால் (சமன்பாட்டைத் தீர்க்கும் துல்லியம்), சிக்எல் (ஓஎஃப்வியைக் கணக்கிடும் துல்லியம்), என்சிக் (கடைசி மதிப்புகளில் கேட்கும் துல்லியம்) மூன்றையும் ஒன்றோடொன்று பொருந்த வைக்கச் சொல்கிறார்கள்: என்சிக் 3 என்றால் சிக்எல் 9, டால் அதற்குக் குறையாமல். இதைச் சரியாக வைக்காத மாடலில் கம்பைலர் மாறினாலே போதும், வெர்ஷன் மாற வேண்டியதே இல்லை, முடிவு வேறாக வரும். 7.5 கெடுத்துவிட்டது என்று என்னிடம் வந்த ரன்களில் பலவற்றை 7.4லேயே புதுக் கம்பைலரில் ஓட்டிக் காட்டினேன், அங்கேயும் அதே கூத்து.

அதனால் நான் உறையவைப்பது முழு டாக்கர் இமேஜை (எல்லா மென்பொருளையும் சேர்த்துக் கட்டிய ஒரே பொதி): உபுண்டு, ஜிஃபோர்ட்ரானின் குறிப்பிட்ட வெர்ஷன், நான்மெம், பிஎஸ்என், ஆர் எல்லாம் ஒன்றாக. லைசென்ஸ் கோப்பை உள்ளே வைக்கக் கூடாது. அது கெடு முடிந்து புதுப்பிக்க வேண்டியது, ஓடும்போது வெளியிலிருந்து இணைத்துக்கொள்ளலாம். நான்மெம் லைசென்ஸ் வாங்கிப் பயன்படுத்தும் மென்பொருள் என்பதால் இமேஜைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றவும் கூடாது. எங்கள் ஊர் இணைய வேகத்துக்குப் பல ஜிபி இமேஜைத் திரும்பத் திரும்ப இறக்குவது ஆகாது, ஆகவே ஒரு டார் கோப்பாக வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்திருக்கிறேன். புதுக் கணினியில் ஏற்றியதும் தியோஃபிலினை ஓட்டி, இஎக்ஸ்டி கோப்பில் -1000000000 என்று தொடங்கும் வரியைப் பழையதோடு ஒப்பிட்டால் போதும், கடைசி மதிப்புகள் அந்த வரியில்தான் இருக்கும்.

இதிலும் ஓட்டை உண்டு. கன்டெய்னர் (ஓடிக்கொண்டிருக்கும் இமேஜ்) பிராசசரை உறையவைக்காது. லினக்ஸின் கணித நூலகம் சிப்பைப் பார்த்துத்தான் எக்ஸ்ப், லாக் கணக்குகளுக்கு வழி தேர்ந்தெடுக்கிறது. எத்தனை கோரில் பிரித்து ஓட்டுகிறீர்கள் என்பதும் கூட்டல் வரிசையை மாற்றும். எஸ்ஏஇஎம் போன்ற குலுக்கல் முறைகளில் சீடோடு (குலுக்கலைத் தொடங்கும் எண்), ரான்மெத்தட் என்ற விருப்பத்தில் பி சேர்த்தால் கோர் எண்ணிக்கை பற்றிய கவலை குறையும். ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போய், பாதியில் நின்ற ரன்னை எம்எஸ்எஃப் கோப்பிலிருந்து (ரன் வந்த இடத்தைச் சேமித்து வைப்பது) தொடர்ந்தால், அதுவும் முதலிலிருந்து ஓட்டியது போலவே அடிக்கு அடி போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

புதிய வெர்ஷனுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். தாமத வகைக்கெழுச் சமன்பாடு (முந்தைய நேரத்து நிலையையும் கணக்கில் எடுப்பது) தேவையென்றால் 7.5க்குப் போவதைத் தவிர வழியில்லை, அதைத் தீர்க்கும் அட்வான் ரூட்டீன்கள் அதில்தான் வந்தன. திருத்தப்பட்ட பிழைகளும் இருக்கும். பிஎஸ்என் அமைப்புக் கோப்பில் இரண்டு வெர்ஷனையும் எழுதி வைத்துவிட்டால் ஒரு விருப்பத்தை மாற்றி எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் மூன்று வருடமாக ஓடுகிற ஒரு மருந்தின் மாடலை நடுவில் மாற்றினால் பழைய ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் இணைத்துக் காட்டும் வேலை உங்கள் தலையில் விழும், அதற்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை.

ஆர் மென்பொருளை மறந்துவிடாதீர்கள். 4.0.0 வெர்ஷனிலிருந்து எழுத்துப் பத்திகள் தானாக ஃபேக்டர் (உள்ளே எண் குறியிட்ட வகைகள்) ஆவதில்லை. ஆண், பெண் பத்தியை எண்ணாக்கும் பழைய ஸ்கிரிப்ட் முன்பு 1, 2 என்று தந்தது, இப்போது வெற்றிடம் தரும். அது புள்ளியாக எழுதப்பட்டால் நான்மெம் 0 என்று படித்துக்கொண்டு முனகாமல் ஓடும். 3.6.0ல் சாம்பிள் ஃபங்ஷனின் குலுக்கல் முறை மாறியதால், அதே சீடு போட்டாலும் பூட்ஸ்ட்ராப் (நோயாளிகளைக் குலுக்கி எடுத்து மாடலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது) வேறு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும். பழைய முறை வேண்டுமென்றால் ஆர்என்ஜிகைண்டில் ரவுண்டிங் என்று கேட்கலாம்.

மூன்றாவது வழி பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், மோனோலிக்ஸிலும் என்எல்மிக்ஸ்ஆர்2விலும் நான் சின்ன மாடல்களைத்தான் ஓட்டியிருக்கிறேன். பின்னது இலவசம், ஆருக்குள்ளேயே முடிந்துவிடும், அது பெரிய ஈர்ப்பு. ஆனால் ஆர் பேக்கேஜ்கள் அடிக்கடி அப்டேட் ஆவதால் உறையவைக்கும் பிரச்சினை அங்கே கூடுமே தவிரக் குறையாது. ஓஎஃப்வியை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கவும் கூடாது. நான்மெம் மாறிலிப் பகுதியை விட்டுவிட்டுச் சொல்கிறது, மோனோலிக்ஸ் சேர்த்துச் சொல்கிறது, எனவே முதல் பார்வையில் வித்தியாசம் மலையளவு தெரியும். அந்தத் தம்பியின் மாடல் இன்னும் 7.4 இமேஜில்தான் ஓடுகிறது. ரிப்போர்ட்டில் நான்மெம் வெர்ஷனுக்குப் பக்கத்தில் ஜிஃபோர்ட்ரான் வெர்ஷனையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.